மாசா மாசம் ரெகமண்ட் பண்ண ஒயின் தேர்ந்தெடுக்கிறது எப்படி: முழுமையான வழிகாட்டி

கடைக்கோ கிளப்புக்கோ நியூஸ்லெட்டருக்கோ "இந்த மாசம் இதை வாங்குங்க"ன்னு நாலஞ்சு ஒயின் சொல்ற வேலை உங்க தலையில விழுந்திருக்குன்னா இது உங்களுக்குத்தான். புதுசா வர்றவங்க நாக்கு சரியில்லாம தடுமாறுறதை விட வரிசை மாத்திச் செஞ்சு தடுமாறுறதுதான் அதிகம். முதல்ல ஒரு பாட்டில் மேல ஆசை வந்துடும், அப்புறம் அதுக்குக் காரணம் தேடுவாங்க, எல்லாம் எழுதி முடிச்சப்புறம் பார்த்தா ஸ்டாக் இருக்காது, இல்லன்னா லிஸ்ட்ல இருக்கிற நாலும் ஒரே மாதிரி கனமான ரெட் ஒயினா இருக்கும்.

அதனால கீழ இருக்கிற வரிசையிலயே போங்க. லிஸ்ட் வெளிய வர வேண்டிய தேதிக்கு மூணு வாரம் முன்னாடி ஆரம்பிச்சா அவசரம் இல்லாம முடிக்கலாம்.

1. முதல்ல கையில இருக்க வேண்டியது

ஒரே சைஸ், ஒரே வடிவத்துல கிளாஸ் வேணும். ஐஎஸ்ஓ 3591ன்னு ஒரு ஸ்டாண்டர்ட் டேஸ்டிங் கிளாஸ் இருக்கு, சுமார் 215 மில்லி பிடிக்கும், அதுல 50 மில்லிதான் ஊத்துவாங்க, மீதி காலி இடம் வாசனை தங்குறதுக்கு. அதேதான் வேணும்னு இல்ல, வாய் கொஞ்சம் குறுகி மேல போற எந்த கிளாஸும் சரி, ஆனா எல்லாம் ஒண்ணா இருக்கணும். கிளாஸ் மாறினா வாசனை மாறும், அப்புறம் நீங்க ஒயினை ஒப்பிடுறீங்களா கிளாஸை ஒப்பிடுறீங்களான்னு உங்களுக்கே தெரியாது.

அப்புறம் பாட்டிலை மூட பேப்பர் பை, நம்பர் எழுத மார்க்கர், ஒரு தெர்மாமீட்டர், குடிக்கத் தண்ணி, உப்பும் வெண்ணெயும் இல்லாத சாதா பிரெட், ஆளுக்கொரு துப்புற கப். துப்புறதுக்குக் கூச்சப்படுறவங்க கணக்கைப் பாருங்க: 50 மில்லி வீதம் 12 ஒயினை முழுங்கினா 600 மில்லி, 750 மில்லி பாட்டில்ல அஞ்சுல நாலு பங்கு உள்ள போயிடுச்சு, அதுக்கப்புறம் போடுற மார்க் எதுவும் மார்க் இல்ல. துப்பினாலும் கொஞ்சம் உள்ள போகத்தான் செய்யும், அதனால வண்டி ஓட்டிட்டு வராதீங்க.

ஒவ்வொரு ஒயினும் ரெண்டு பாட்டில் கேட்டு வாங்குங்க. ஏன்னு 7வது படியில தெரியும்.

2. பாட்டிலைத் தொடுறதுக்கு முன்னாடி இடம் ஒதுக்குங்க

இதைத்தான் எல்லாரும் தாண்டிப் போயிடுறாங்க. லிஸ்ட்ல எத்தனை இடம், ஒவ்வொரு இடமும் யாருக்காக, எதுக்காகன்னு பேப்பர்ல எழுதுங்க. உதாரணத்துக்கு நாலு இடம்னா: வார நாள்ல யோசிக்காம திறக்கிற ஒண்ணு, வாங்குறவர் பேரே கேள்விப்படாத திராட்சையில ஒண்ணு, விசேஷத்துக்குக் கொஞ்சம் காசு செலவழிச்சு வாங்குற ஒண்ணு, ரோஸே (இளஞ்சிவப்பு ஒயின்), இல்லன்னா ஸ்பார்க்ளிங் (நுரைக்கிற ஒயின்) மாதிரி சீசனுக்கு ஏத்தது ஒண்ணு.

ஒவ்வொரு இடத்துக்கும் விலை உச்சவரம்பும் இப்பவே எழுதிடணும். அப்புறம் எழுதலாம்னு விட்டா நல்லா இருக்கிற ஒரு பாட்டில் வந்து உட்காந்ததும் "இதுக்கு மட்டும் கொஞ்சம் ஏத்திக்கலாம்"னு ஆரம்பிக்கும், ஆறே மாசத்துல "வார நாள் ஒயின்"ங்கிற இடமே காணாமப் போயிடும்.

இடம் எழுதி வெச்சா இன்னொரு லாபம், போட்டி நியாயமா நடக்கும். மெல்லிசான வைட் ஒயினை ஓக் மரப் பீப்பாய்ல வருஷக்கணக்கா இருந்த ரெட்டோட மோத விட்டா எப்பவும் ரெட்தான் ஜெயிக்கும். இடம் தனித்தனியா இருந்தா வைட் வைட்டோட மட்டும் மோதும்.

3. காலண்டரைப் பாருங்க

வட அரைக்கோளத்துல அறுவடை பெரும்பாலும் ஆகஸ்ட்லேருந்து அக்டோபர் வரைக்கும், தெற்கே நியூசிலாந்து, சிலி, தென்னாப்பிரிக்கா, ஆஸ்திரேலியா பக்கம் பிப்ரவரிலேருந்து ஏப்ரல் வரைக்கும். அப்படின்னா ஒரே வருஷம் போட்ட லேபிள்ல தெக்கத்தி ஒயினுக்கு ஆறு மாசம் வயசு கூட. புது வின்டேஜ் (திராட்சை அறுவடை ஆன வருஷம்) வைட், ரோஸே எல்லாம் எப்ப வரும், பழைய வின்டேஜ் எப்ப தீரும்னு இதை வெச்சு ஓரளவு கணிக்கலாம். போஜலே நூவோன்னு அந்த வருஷத்து அறுவடையிலேருந்தே வர்ற பிரெஞ்சு ரெட் ஒயின் நவம்பர் மூணாவது வியாழக்கிழமைதான் வெளிய வரும், அதை நவம்பர் லிஸ்ட்ல சொன்னா சரி, பிப்ரவரியில சொன்னா அதோட ஓட்டமே முடிஞ்சிருக்கும்.

வெயில், குளிர் பார்த்து மாத்துறதும் சரிதான், ஆனா கோடைன்னா ரோஸே மட்டும், குளிர்ன்னா கனமான ரெட் மட்டும்னு அடிமையாயிடாதீங்க. லேசான ரெட்டைக் கொஞ்சம் குளிர வெச்சு கோடையில குடிக்கலாம்னு சொல்றதெல்லாம் இந்த மாதிரி லிஸ்ட்லதான் சொல்ல முடியும்.

4. நீளமான லிஸ்ட் போடுங்க, ஸ்டாக்கை இப்பவே கேளுங்க

ஒரு இடத்துக்கு அஞ்சாறு பேர் போட்டியில இருக்கிற மாதிரி லிஸ்ட் போடுங்க. அதுக்கு மேல போனா நாக்கு தாங்காது, குறைஞ்சா போட்டியே இல்ல.

லிஸ்ட் போட்ட உடனே, ருசி பார்க்கிறதுக்கு முன்னாடி, சப்ளையர்கிட்ட மூணு விஷயம் கேளுங்க. எத்தனை பாட்டில் இருக்கு, எந்த வின்டேஜ், எங்க எப்படி வெச்சிருக்காங்க. ருசி பார்த்துட்டுக் கேட்டா மனசு ஏற்கெனவே அந்த பாட்டில் மேல போயிருக்கும், "கொஞ்சம்தான் இருக்கு, பரவாயில்ல"ன்னு நீங்களே சமாதானம் சொல்லிக்குவீங்க. படிக்கிறவர் தேடிப் போய்க் கிடைக்காம திரும்பி வர்ற ஒயின் ரெகமண்டேஷனே இல்ல.

வின்டேஜ் விஷயத்துல ரொம்ப கறாரா இருங்க. "அதே ஒயின்தான் சார், வருஷம் மட்டும் மாறியிருக்கு"ன்னு சொல்வாங்க. மழை அதிகமான வருஷமும் வெயில் கொளுத்தின வருஷமும் ஒரே தோட்டத்துலேருந்து வேற வேற ஒயினைக் கொடுக்கும், நீங்க ருசி பார்த்த வருஷம்தான் நீங்க ரெகமண்ட் பண்ற வருஷம்.

இலவச சாம்பிள் வந்தா வாங்கிக்கலாம், தப்பில்ல. ஆனா இலவசமா வந்ததுன்னு லிஸ்ட்ல சொல்லிடுங்க, காசு கொடுத்து வாங்கினதும் பாதிக்குப் பாதியாவது போட்டியில இருக்கட்டும். இல்லன்னா உங்க லிஸ்ட் யார் சாம்பிள் அனுப்புறாங்களோ அவங்க லிஸ்ட்டா மாறிடும், அது ஒரே நாள்ல நடக்காது, அதனாலயே கண்ணுல படாது.

5. ஊத்துறதுக்கு முந்தின நாள் வேலை

தூரத்துலேருந்து வந்த பாட்டிலைச் சில நாள் அசையாம வைங்க. வயசான ரெட்னா முந்தின நாளே நிமிர்த்தி வெச்சா மண்டி அடியில தங்கும்.

வெப்பநிலை ரொம்ப முக்கியம். சாதாரண ஃப்ரிட்ஜ் 4 டிகிரி பக்கம் இருக்கும், அந்த குளிர்ல எந்த வைட் ஒயினும் வாசனையே காட்டாது, குறையும் காட்டாது. லேசான வைட்டை 10 டிகிரி பக்கம், கனமான வைட்டை 12, 13 டிகிரி பக்கம் ருசி பாருங்க, குடிக்கிறதுக்கு சொல்ற அளவை விடக் கொஞ்சம் சூடாவே இருந்தாலும் பரவாயில்ல, தப்பு தெரியணும்ல. ரெட் 15லேருந்து 18 டிகிரிக்குள்ள. அறை சூடா இருந்தா ரெட்டையும் ஒரு இருபது நிமிஷம் ஃப்ரிட்ஜ்ல வைக்கணும், 25 டிகிரியில ரெட் ஒயின் வெறும் ஆல்கஹால் நெடியாத்தான் தெரியும். அப்படி ஊத்தி நல்ல ரெட்டை "சூடா இருக்கு, பேலன்ஸ் இல்ல"ன்னு தள்ளினவங்களை நிறைய பார்த்திருக்கேன்.

டேஸ்டிங் காலை பதினொரு மணி வாக்குல வெச்சுக்கோங்க, வயிறு நிறைஞ்சும் இல்லாம காஞ்சும் இல்லாம இருக்கிற நேரம். சென்ட் போடக் கூடாது. பல் தேய்ச்ச உடனே, காபி குடிச்ச உடனே உட்காரக் கூடாது. சளி பிடிச்சிருந்தா தள்ளிப் போடுங்க, மூக்கு அடைச்சிருந்தா பாதி ஒயினே இல்ல.

6. மறைச்சு வெச்சு ருசி பாருங்க

பாட்டிலைப் பையில போட்டு நம்பர் எழுதுறவர் ருசி பார்க்கிறவரா இருக்கக் கூடாது. கழுத்துல இருக்கிற தகட்டையும் முழுசா எடுத்துடுங்க, கார்க்கையும் ஒளிச்சு வைங்க. முடிஞ்சா வேற ரூம்லயே ஊத்தி கிளாஸை மட்டும் கொண்டு வரச் சொல்லுங்க, ஏன்னா கனமான பாட்டில், தோள் வடிவம் இதையெல்லாம் பைக்கு மேலயே கண்டுபிடிச்சுடலாம்.

இவ்வளவு எதுக்குன்னா, கண்ணு நாக்கை ஏமாத்தும். 2001ல வெளியான ஒரு ஆராய்ச்சியில பிரான்ஸ்ல இருக்கிற போர்தோவுல ஒயின் படிக்கிற 54 மாணவர்களுக்கு ஒரு வைட் ஒயினையும், அதே ஒயின்ல வாசனையில்லாத சிவப்பு சாயம் கலந்ததையும் கொடுத்தாங்க. சாயம் போட்டதுக்கு ரெட் ஒயினுக்குச் சொல்ற வார்த்தைகளையே எழுதினாங்க. படிச்சவங்களுக்கே நிறம் பார்த்து அப்படின்னா, தங்க எழுத்து லேபிள் பார்த்து நமக்கு என்ன ஆகும்.

வரிசை: ஸ்பார்க்ளிங், லேசான வைட், கனமான வைட், ரோஸே, லேசான ரெட், கனமான ரெட், கடைசியில இனிப்பு. துவர்ப்பு நாக்குல சேந்துக்கிட்டே போகும், இனிப்பு அடுத்து வர்ற ஒயினைப் புளிப்பாக் காட்டும், அதான் காரணம். ஒரு சுத்துக்கு ஆறு கிளாஸ் போதும், நடுவுல பத்து நிமிஷம் இடைவேளை.

ஒரே சுத்துக்குள்ளயும் யார் பக்கத்துல யாருன்னு பாருங்க. நியூசிலாந்து மார்ல்பரோ பக்கத்து வைட்டான சாவின்யான் பிளாங்க் கிளாஸ் கீழ இருக்கும்போதே பச்சைப் புல்லும் பேஷன் ஃப்ரூட்டும் மூக்கை அடிக்கும். அதுக்கு அடுத்து முஸ்கடேன்னு ஒரு லேசான பிரெஞ்சு வைட்டை வெச்சா அது தண்ணி மாதிரி தெரியும். முஸ்கடே தண்ணி இல்ல, அடக்கமான ஒயின், அதை முதல்ல ஊத்தியிருந்தா எலுமிச்சையும் உப்பும் அந்த ஈஸ்ட் வாசனையும் ஒவ்வொண்ணா வந்திருக்கும். பக்கத்து கிளாஸ் பண்ற அநியாயம் இது.

ருசி பார்க்கும்போது யாரும் பேசக் கூடாது, முகத்தைக் கூட சுளிக்கக் கூடாது. கூட்டத்துல அனுபவசாலி ஒருத்தர் "ம்ம்"ன்னு சொன்னாப் போதும், மத்தவங்க மார்க் எல்லாம் அந்தப் பக்கம் சாஞ்சிடும். எல்லாரும் எழுதி முடிச்சப்புறம் பேசுங்க, அதுலயும் புது ஆளை முதல்ல பேச விடுங்க.

இன்னொரு தந்திரம், ஒரு ஒயினை மட்டும் ரெண்டு நம்பர்ல ஊத்தச் சொல்லுங்க. கலிஃபோர்னியா ஸ்டேட் ஃபேர் போட்டியில ஒரே பாட்டிலை மூணு தடவை ஊத்தி நடுவர்களைச் சோதிச்சு 2008ல ஒரு ஆய்வு வந்துச்சு, மூணு தடவையும் ஒரே பதக்க வட்டத்துக்குள்ள மார்க் போட்டவங்க சுமார் 10 சதவீதம் பேர்தான். நீங்க ரெண்டு நம்பர்ல ஊத்தின ஒயினுக்கு மார்க் ரொம்ப விலகினா அன்னைக்கு நாக்கு சரியில்ல, அந்த சுத்தை இன்னொரு நாள் பண்ணுங்க.

7. கெட்ட பாட்டிலையும் கெட்ட ஒயினையும் பிரிச்சுப் பாருங்க

ரெண்டாவது பாட்டில் இதுக்குத்தான். கார்க் கெட்டுப்போன ஒயின்ல டிசிஏன்னு ஒரு பொருள் இருக்கும், லிட்டருக்குச் சில நானோகிராம் இருந்தாலே மூக்குக்குத் தெரியும், நனைஞ்ச அட்டைப்பெட்டி, ஈரம் பிடிச்ச துணி வாசனை. அது பலமா இருந்தா பிரச்சினையே இல்ல, யாரும் கண்டுபிடிச்சுடுவாங்க. கொஞ்சமா இருக்கும்போதுதான் ஆபத்து, கெட்ட வாசனை எதுவும் வராது, பழ வாசனை மட்டும் அமுங்கிப் போயிருக்கும், ஒயின் சோம்பலா, உப்புச்சப்பில்லாம இருக்கும். புது ஆளுங்க "சுமார்"னு எழுதிட்டு அடுத்ததுக்குப் போயிடுவாங்க. கிளாஸைக் கால் மணி நேரம் விட்டு வெச்சு மறுபடி மோந்து பாருங்க, கார்க் வாடைன்னா கூடும், குறையாது. ரெண்டாவது பாட்டிலைத் திறந்து பக்கத்துல ஊத்துங்க, ஒண்ணு பளிச்சுனு இருந்து ஒண்ணு மங்கலா இருந்தா விஷயம் தெரிஞ்சுபோச்சு.

அழுகின முட்டை, அணைஞ்ச தீக்குச்சி வாசனை வந்தா உடனே தள்ளாதீங்க. காத்து படாததால வர்றது அது, கிளாஸைச் சுழட்டினா பல தடவை போயிடும். போகலன்னா தள்ளுங்க. வைட் ஒயின் பழுப்பாகி அடிபட்ட ஆப்பிள் மாதிரி மணந்தா காத்து அதிகம் பட்டுடுச்சு. நெயில் பாலிஷ் ரிமூவர், வினிகர் நெடி தூக்கலா இருந்தா அதுவும் வேண்டாம். குதிரை லாயம், பிளாஸ்திரி மாதிரி மணம் பிரெட்டனோமைசஸ்ங்கிற ஈஸ்ட் வேலை, கொஞ்சமா இருந்தா ரசிக்கிறவங்க இருக்காங்க, ஆனா பொது லிஸ்ட்ல போடுறதா இருந்தா அதைச் சொல்லிட்டுப் போடுங்க.

கார்க் அடியிலயோ பாட்டில் அடியிலயோ கண்ணாடித் துண்டு மாதிரி கிரிஸ்டல் இருந்தா பயப்படாதீங்க. டார்டரிக் ஆசிட்லேருந்து குளிர்ல உருவாகுறது, ஒண்ணும் பண்ணாது.

ரெண்டு பாட்டிலும் ஒரே குறையோட இருந்தா ஒயினை லிஸ்ட்லேருந்து எடுத்துடுங்க. மூணாவது கேட்டுக் கெஞ்ச வேண்டாம், வாங்குறவர் ஒரு பாட்டில்தானே வாங்கப் போறார்.

8. மார்க் போடுற முறை

நூத்துக்கு எத்தனைன்னு ஆரம்பிச்சா எல்லாம் 88க்கும் 92க்கும் நடுவுலயே வந்து நிக்கும். நாலு கேள்வி போதும், ஒவ்வொண்ணுக்கும் அஞ்சுக்கு எத்தனைன்னு போடுங்க. புளிப்பு, துவர்ப்பு, இனிப்பு, ஆல்கஹால் இதுல எதுவும் தனியா துருத்தாம இருக்கா. துப்பின பிறகு நல்ல ருசி எவ்வளவு நேரம் நிக்குது, இதை வாட்ச் பார்த்தே எண்ணலாம், ஆனா எரிச்சலும் கசப்பும் நின்னா அது நீளம் ஆகாது. மணம் எவ்வளவு தெளிவா இருக்கு. எத்தனை விதமா மாறுது.

இங்க ஒரு பொறி இருக்கு. வரிசையா பன்னெண்டு ஒயின் துப்பும்போது சத்தமா பேசுற ஒயின்தான் தனிச்சுத் தெரியும். 15 சதவீத ஆல்கஹால், புது ஓக் கொடுத்த வெனிலா, லேசா விட்ட இனிப்பு, இதெல்லாம் ஒரு வாய்க்கு அட்டகாசமா இருக்கும். ஆனா படிக்கிறவர் உங்க ரெகமண்டேஷனை ஒரு வாய் குடிச்சுத் துப்பப் போறதில்ல, சாயங்காலம் பூரா அதோட உட்காரப் போறார். அதனால டேஸ்டிங் முடிஞ்ச உடனே ஜெயிச்சவரை அறிவிக்காதீங்க. ஒவ்வொரு இடத்துக்கும் முதல் ரெண்டு பேரை மட்டும் தேர்ந்தெடுத்து நிறுத்திக்கோங்க. மூணாவதா வந்தாலும் அடக்கமா, சுத்தமா இருந்த ஒண்ணு இருந்தா அதையும் கூட்டிட்டுப் போங்க, அடுத்த படியில அதுதான் ஜெயிக்கும்னு நான் அடிக்கடி பார்த்திருக்கேன்.

9. உட்காந்து குடிச்சுப் பாருங்க

மிச்சம் இருக்கிற போட்டியாளர்களைச் சாயங்காலம் சாப்பாட்டோட, துப்பாம, ஒரு நாளைக்கு ரெண்டு ஒயினுக்கு மேல போகாம, நாலஞ்சு பேரா சேந்து குடிங்க. மார்க் ஷீட் வேண்டாம். எந்த பாட்டிலை நோக்கிக் கை தானா போகுதுன்னு பாருங்க. முதல் டேஸ்டிங்ல கலக்கின, ஓக் பீப்பாய்ல இருந்த சார்டனே வைட் ரெண்டாவது கிளாஸ்ல திகட்டி பாதியில நிக்கும், பக்கத்துல ஷபிளி (அதே சார்டனே திராட்சையில வர்ற பிரெஞ்சு வைட்) சத்தமில்லாம தீந்திருக்கும். எனக்கு இந்த சோதனை மார்க் ஷீட்டை விடப் பெருசு.

சாப்பாடு பத்தி நாலு விஷயம் மட்டும் கவனிங்க. உப்பு ஒயினை மிருதுவாக் காட்டும். காரம் ஆல்கஹாலோட எரிச்சலைக் கூட்டும். புளிப்பான சாப்பாட்டோட புளிப்பு குறைஞ்ச ஒயின் சப்புனு இருக்கும். சாப்பாடு இனிப்பா இருந்தா ஒயினும் அந்த அளவுக்காவது இனிப்பா இருக்கணும்.

கொஞ்சம் மிச்சம் வெச்சு மூடி ஃப்ரிட்ஜ்ல வெச்சு மறுநாளும் பாருங்க. பாதி பேர் வீட்டுல பாட்டில் ஒரே நாள்ல காலியாகாது. மறுநாளும் நிக்கிற ஒயின்னா அதை எழுதலாம், வாங்குறவருக்கு உபயோகம்.

10. இப்பதான் விலையைத் திறக்கணும்

பையை எடுத்துட்டு விலையைப் பார்த்து ஒரே ஒரு கேள்வி கேளுங்க: இதே ஸ்டைல்ல இந்த விலைக்கு இதை விட நல்லதா ஒண்ணு எனக்குத் தெரியுமா? தெரியும்னா இது ஸ்பெஷல் இல்ல. பேர் பெத்த ஊர் ஒயின்ல அந்த ஊர் பேருக்கும் சேத்துக் காசு கொடுக்கிறோம், அதனால வார நாள் இடத்துக்கு மென்சியா (ஸ்பெயின் ரெட்), க்ரூனர் வெல்ட்லினர் (ஆஸ்திரிய வைட்), தென்னாப்பிரிக்க செனின் பிளாங்க் (இதுவும் வைட்) மாதிரி ஆளுங்க நிறைய தடவை உள்ள வருவாங்க.

கனமான பாட்டில், அடியில ஆழமான குழி, கார்க், இதெல்லாம் தரத்துக்கு அத்தாட்சி இல்ல. ஸ்க்ரூ கேப் போட்டா மட்டம்னு நினைக்கிறது பழைய பழக்கம். "ரிசர்வ்"ங்கிற வார்த்தையையும் நம்பி ஏமாறாதீங்க. ஸ்பெயின்ல ரியோஹா பக்கத்து ரெட்ல ரிசர்வான்னா குறைஞ்சது மூணு வருஷம் வயசு, அதுல ஒரு வருஷமாவது ஓக் பீப்பாய்லன்னு சட்டமே இருக்கு, வேற பல இடங்கள்ல அது வெறும் அலங்காரம்.

11. எழுதுறது

"அருமையான பேலன்ஸ், கட்டாயம் ட்ரை பண்ணுங்க"ன்னு எழுதினா படிக்கிறவருக்கு ஒண்ணும் கிடைக்காது. பழத்தோட்டத்தையே கொட்டி எழுதினாலும் அதே கதிதான். அஞ்சு தகவல் போதும்: எவ்வளவு கனம், எவ்வளவு புளிப்பு துவர்ப்பு, ரெண்டு தெளிவான மணம், எந்த குளிர்ச்சியில எதோட குடிக்கணும், எப்ப வரைக்கும் வெச்சிருக்கலாம். இப்படி:

"மெல்லிசான வைட், 12 சதவீதம். எலுமிச்சைத் தோல், கொஞ்சம் உப்பு, பின்னாடி பிரெட் வாசம். புளிப்பு நிமிர்ந்து நிக்கும், இனிப்பு தேடுறவங்களுக்கு இது இல்ல. நல்லா குளிர வெச்சு மீனோட. இந்த வருஷத்துக்குள்ள குடிச்சுடுங்க."

"யாருக்கு இது இல்ல"ங்கிற வரியை விட்டுடாதீங்க, நம்பிக்கை வர்றதே அந்த வரியிலதான்.

லேபிள் குழப்பம் இருந்தா அதையும் சொல்லுங்க. ஸ்பார்க்ளிங்ல "எக்ஸ்ட்ரா ட்ரை"ன்னா "ப்ரூட்"னு லேபிள் போட்டதை விட இனிப்பு கம்மின்னுதான் எல்லாரும் நினைப்பாங்க, நிஜத்துல தலைகீழ். ப்ரூட்னா லிட்டருக்கு 12 கிராமுக்குள்ள சர்க்கரை, எக்ஸ்ட்ரா ட்ரை 12லேருந்து 17 கிராம். ஜெர்மன் ரீஸ்லிங்ல "ட்ராக்கன்"னு இருந்தா இனிப்பு இல்லாதது. இந்த ஒரு வரி எழுதாததால வாங்கினவர் ஏமாந்தா அது ஒயின் மேல வர்ற கோபம் இல்ல, உங்க மேல வர்றது.

பேர், தயாரிப்பாளர், வின்டேஜ், ஆல்கஹால் அளவு நாலையும் பாட்டிலைக் கையில வெச்சுக்கிட்டு எழுதுங்க, ஞாபகத்துலேருந்து வேண்டாம். வெளியிடுறதுக்கு முந்தின நாள் ஸ்டாக்கை இன்னொரு தடவை கேளுங்க. தீந்திருந்தா அதே இடத்துக்கு ரெண்டாவதா வந்ததைப் போடுங்க, அதான் ரெண்டு பேரை நிறுத்தி வெச்சீங்களே.

12. கணக்கு நோட்டு

ஒவ்வொரு மாசமும் எது எந்த இடத்துக்கு ஜெயிச்சது, எந்த நாடு, எந்த திராட்சை, யார்கிட்ட வாங்கினது, சாம்பிளா காசுக்கான்னு ஒரு ஷீட்ல ஏத்துங்க. மூணு மாசத்துக்கு ஒரு தடவை அதைத் திறந்து பார்த்தா உங்க பலவீனம் தெரியும், ஒரே சப்ளையர் பேர் திரும்பத் திரும்ப வரும், இல்லன்னா இனிப்புப் பக்கமே நீங்க போகாதது தெரியும்.

வாங்கினவங்ககிட்ட "பிடிச்சுதா"ன்னு கேட்காதீங்க, மரியாதைக்கு ஆமான்னுடுவாங்க. "இன்னொண்ணு வாங்கினீங்களா"ன்னு கேளுங்க, அந்த பதிலையும் அதே ஷீட்ல ஒரு கட்டத்துல எழுதுங்க. அடுத்த மாசம் நீளமான லிஸ்ட் போடும்போது முதல்ல அந்தக் கட்டத்தைப் பாருங்க.